ஒரு தோட்டாவின் விலை

நம் கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்துள்ள மாணவர்கள் அனைவரும் அறிந்த வழக்கம் ஒன்று உண்டு. சுடுதளத்தில் பயிற்சி முடிந்ததும் வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி, எண்ணி, ஒப்படைத்த பின்னரே கலைந்து செல்ல முடியும். ஒன்று குறைந்தாலும் புல்லைத் துழாவித் தேட வேண்டும். சுட்டு முடிந்த பித்தளைத் துண்டுக்கு ஏன் இத்தனை மதிப்பு? அதை மீண்டும் நிரப்ப முடியுமா? முடியுமானால் ஆதாயம் உண்டா? இவ்வினாக்களுக்கு விடை தேடியபோது, அதன் பெரும்பகுதி நம் நீலகிரியிலேயே, சில கல் தொலைவில் இருப்பதைக் கண்டேன். அதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டாவின் நான்கு உறுப்புகள்

தோட்டாவுக்கு உறுப்புகள் நான்கு: முன்னே பாயும் குண்டு, அதை உந்தும் மருந்து, மருந்துக்குத் தீயூட்டும் கேப்பு, இம்மூன்றையும் தாங்கும் பித்தளைக் கூடு. துப்பாக்கியின் ஊசி கேப்பைக் குத்துகிறது; கேப்பின் பொறி மருந்தை எரிக்கிறது; எழும் வாயு குண்டைத் தள்ளுகிறது. அந்த நொடியில் கூடு சற்று விரிந்து குழலின் பின்வாயை அடைத்துக்கொள்கிறது. வாயு, சுடுபவர் முகத்தை நோக்கி வராமல் காக்கிறது. பின்னர்ச் சிறிது சுருங்கி, எளிதாக வெளியே வருகிறது.

ஆக, சுட்டதும் மூன்று உறுப்புகள் தீர்ந்துவிடுகின்றன. கூடு மட்டும் எஞ்சுகிறது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளைத் தகட்டைப் பல முறை அழுத்தி நீட்டி, இடையிடையே சூடேற்றிப் பதப்படுத்திச் செய்வது அது. மருந்தோ மிகச் சிறிய அளவே தேவை. ‘த்ரீ நாட் த்ரீ’ தோட்டா ஒன்றில் இருந்த கார்டைட் மருந்து சுமார் 37 கிரெயின், அதாவது 2.4 கிராம். நம் பொற்கொல்லர் கணக்கில் ஏறக்குறைய 20 குன்றிமணி எடை. ஒரு கிலோ மருந்தில் 400 தோட்டாக்களுக்கு மேல் நிரப்பலாம்.

சிக்கனத்தின் கணக்கு

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பழைய துப்பாக்கிகளைப் பேணும் ஆர்வலர் பலர், சுட்ட கூட்டைத் தாமே நிரப்பிக்கொள்கின்றனர். பழைய கேப்பை அகற்றிக் கூட்டைத் துலக்கி, அச்சில் இட்டு அளவுக்குக் கொணர்ந்து, புதிய கேப்பைப் பொருத்தி, மருந்தைத் தராசில் நிறுத்து இட்டு, குண்டைச் செருகுகின்றனர்.

இதில் மிச்சம் எவ்வளவு? ஒரு பேச்சுக்குப் புதிய தோட்டா 100 ரூபாய் என்றும், அதில் கூடு 60, குண்டு 30, மருந்தும் கேப்பும் 10 என்றும் வைத்துக்கொள்வோம். (இவை சந்தை விலைகள் அல்ல; கணக்குக்காகக் கொண்டவை.) ஒரு கூடு ஐந்து முறை உழைத்தால் ஒரு முறைக்கு 12 ரூபாய் விழும். தோட்டா 52 ரூபாயில் முடியும், மிச்சம் 48. அச்சு, தராசு முதலிய கருவிகளுக்கு 24,000 ரூபாய் செலவிட்டிருந்தால், 500 தோட்டாக்கள் சுட்ட பிறகே போட்ட முதல் திரும்பும். கூடு இரண்டே முறை உழைத்தால் மிச்சம் 30 ரூபாய்தான்; அப்போது 800 தோட்டாக்கள் சுட வேண்டும். ஆகவே, சிக்கனம் முழுவதும் கூட்டின் ஆயுளைப் பொறுத்தது.

இங்கேதான் பழைய துப்பாக்கிகள் தொல்லை தருகின்றன. 1895-இல் வந்த லீ என்ஃபீல்டு வகைத் துப்பாக்கிகளில் தோட்டா அமரும் அறை தாராளமானது. போர்க்களத்தின் சேறும் தூசியும் படிந்தாலும் சிக்கிக்கொள்ளாமல் இயங்குவதற்கு அது துணை. படைவீரருக்கு நன்மையான அந்தத் தாராளம், கூட்டுக்குத் தீமை. ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை நீண்டு, அடிப்பகுதிக்குச் சற்று மேலே மெலிகிறது. சில முறைகளுக்குப் பின் கூடு இரண்டாக அறுந்து, முன்பாதி துப்பாக்கிக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இதனால் விவரம் அறிந்தோர் கூடு முழுவதையும் அச்சில் நெருக்காமல், கழுத்தை மட்டும் நெருக்கி அதன் ஆயுளை நீட்டுகின்றனர்.

அருவங்காட்டுக் கார்டைட்

இனி நம் மலைக்கு வருவோம். குன்னூரிலிருந்து உதகைக்கு வரும் மலை ரயில் வெலிங்டனைத் தாண்டியதும் அருவங்காட்டில் நிற்கிறது. அங்கே 1903-04-இல் தொடங்கப்பட்டது கார்டைட் தொழிற்சாலை. காட்டேரி நீர்வீழ்ச்சியிலிருந்து அதற்கு மின்சாரம் எடுக்கப்பட்டது. மலையின் குளிர்ச்சியும் இத்தொழிலுக்கு ஏற்றது. ஏனெனில் வெப்பம் மிகுந்தால் இவ்வகை மருந்து நாளடைவில் சிதையத் தொடங்கும். 2021 அக்டோபர் முதல் இத்தொழிற்சாலை மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்னும் அரசு நிறுவனத்தின்கீழ் இயங்கி வருகிறது.

கார்டைட் என்பது 1889-இல் ஃபிரடெரிக் ஏபெல், ஜேம்ஸ் டீவர் என்னும் இரு விஞ்ஞானிகள் பிரிட்டனில் காப்புரிமை பெற்ற புகையற்ற மருந்து. நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, வாசலின் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, இடியாப்பம் பிழிவதுபோல் துளை வழியே கயிறாகப் பிழிந்தனர். கயிறு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே இப்பெயர் பிறந்தது. முதலில் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடு இருந்தது. அதன் மிகுந்த சூடு குழலையே அரித்ததால் பின்னர் அது 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

இந்தக் கயிற்று வடிவமே நம் வினாவுக்கு ஒரு விடை. த்ரீ நாட் த்ரீயின் கூடு, குப்பியைப்போல் கழுத்துச் சிறுத்தது. அந்தக் கழுத்தின் வழியே இழைக்கட்டை நுழைப்பது கடினம். எனவே தொழிற்சாலையில் கூட்டை நேராக வைத்துக்கொண்டு, இழைக்கட்டை உள்ளே இட்ட பின்னரே கழுத்தை நெருக்கினர். வீட்டு மேசையில் இதைச் செய்ய இயலாது. இன்று நிரப்புவோர் கார்டைட்டை விடுத்து, மணிமணியான வேறு மருந்தையே கையாளுகின்றனர்.

கேப்பிலும் ஒரு தடை உண்டு. அமெரிக்கரான பெர்டன் கண்ட முறையில் கூட்டின் அடியில் நடுமேடும் பக்கத்தில் சிறு துளைகளும் இருக்கும். பழைய கேப்பைக் குத்தித் தள்ளுவது சிரமம். ஆங்கிலேயரான பாக்ஸர் கண்ட முறையில் நடுவே ஒரே துளை. ஊசியால் எளிதில் தள்ளலாம். ஆனால் விந்தை பாருங்கள்! பெர்டன் முறை ஐரோப்பாவிலும், பாக்ஸர் முறை அமெரிக்காவிலும் பரவின. த்ரீ நாட் த்ரீ படைத் தோட்டாக்கள் பெரும்பாலும் பெர்டன் வகை. நம் என்.சி.சி.யின் பாயிண்ட் 22 தோட்டாவுக்கோ தனிக் கேப்பே இல்லை. தீயூட்டும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். விளிம்பு ஒருமுறை நசுங்கினால் அதன் கதை முடிந்தது.

அளவு மாறினால் ஆபத்து

ஒரு காலத்தில் நீலகிரி வேட்டைக்காரர்களின் மலை. 1877-இல் வேட்டை விலங்குகளைக் காக்க இங்கே ஒரு சங்கம் எழுந்தது. 1879-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அந்நாளைய துப்பாக்கிகளுள் மார்ட்டினி ஹென்றி போன்றவை கரிமருந்துக்கென அமைந்தவை. கரிமருந்தைக் கரண்டியால் அளந்து போடலாம். புகையற்ற மருந்தை அவ்வாறு கரண்டிக் கணக்கில் கரிமருந்துத் துப்பாக்கியில் இட்டால் குழல் வெடித்துவிடும். மறதியால் ஒரே கூட்டில் இரு முறை மருந்து இட்டாலும் கதி அதுவே. சில குன்றிமணி எடையில் சேமித்த காசுக்குக் கண்ணும் கையும் விலையாகலாம்.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 5-ஆம் பிரிவின்படி, உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. வெற்றுக் கூட்டுக்கு எண்ணிக்கை ஏன் என்பது இப்போது விளங்கும். கூடு கணக்கில் வந்தால் அந்தத் தோட்டா சுடப்பட்டது என்பதற்கு அது சாட்சி. கணக்கில் வராவிட்டால் ஒரு தோட்டா வெளியே போயிருக்கலாம். எண்ணப்படுவது பித்தளை அன்று, பொறுப்பு.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். வெடிமருந்துத் தொழிற்சாலையில் பணிபுரிவோர் தீப்பெட்டியை வாயிலிலேயே விட்டுச் செல்ல வேண்டும். ஒரு கட்டடத்தில் விபத்து நேர்ந்தால் அடுத்ததைத் தாக்காதிருக்க இடையே மண்மேடுகள் எழுப்பப்படும். நம்முடன் படிப்போர் சிலரின் தந்தையர் அத்தகைய கூரையின்கீழ்தான் நாள்தோறும் வேலை செய்கின்றனர். மேலே நாம் போட்ட 100 ரூபாய்க் கணக்கில் மருந்துக்கும் கேப்புக்கும் சேர்த்து 10 ரூபாயே எழுதினோம். தோட்டாவின் மிகமலிவான பகுதி அதுவே. ஆனால் உயிரைப் பணயமாகக் கேட்பதும் அதுவே. பொருளின் விலையையும் அதன் பின்னுள்ள உழைப்பின் மதிப்பையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. அருவங்காட்டுச் சங்கொலி கேட்கும்போதெல்லாம் இதனை நாம் நினைவிற் கொள்வோமாக!