தொந்தியும் இரத்தக் குழாயும்

நமது வட்டைகளுக்கு நீர் வரும் வழியை விவசாயிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. சேனநாயக்க சமுத்திரத்தின் நீர் வாய்க்கால்களில் பிரிந்து வருகிறது. மதகு வேண்டிய நேரத்தில் திறக்காவிட்டால் கடைசி வயல் காய்ந்துவிடும். உடலில் இரத்தம் ஓடுவதும் இப்படித்தான்.

இரத்தக் குழாயின் உட்புறத்தில் மிக மெல்லிய படலம் ஒன்று உண்டு. அது நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவைச் சுரக்கிறது. இவ்வாயுவே குழாயைத் தளர்த்தி விரியச் செய்கிறது. இரத்தம் உறைந்து ஒட்டாமலும் காக்கிறது. இதனைக் கண்டறிந்த மூவருக்கு 1998 இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

வயிற்றில் கொழுப்புச் சேர்ந்தால் என்ன நடக்கும்? அக்கொழுப்பு சும்மா இருப்பதில்லை. அழற்சியை உண்டாக்கும் பொருட்களை இரத்தத்தில் கலக்கிறது. இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. உட்படலம் சுரக்கும் வாயு குறைகிறது. குழாய் விரிய மறுக்கிறது; சுவரில் கொழுப்புப் படிகிறது. உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு, பாரிசவாதம் ஆகியவை இதன் விளைவுகள். தொடக்கத்தில் வலியே இராது என்பதுதான் ஆபத்து.

வன்செயலாலும் 2004 சுனாமியாலும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். வயலில் மண்வெட்டி பிடித்தபோது உண்ட சோறு வியர்வையாய்ப் போனது. வயலை இழந்தபின் வேலை குறைந்தது; சோற்றின் அளவு குறையவில்லை. கோதுமை மா, சீனி, எண்ணெய் கூடின. இது உங்கள் குற்றமல்ல, ஆனால் திருத்தலாம்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு பிளேன்டிக்கு மூன்று தேக்கரண்டி சீனி. நாளுக்கு ஐந்து முறை. பதினைந்து கரண்டி, ஏறத்தாழ 60 கிராம். நாள் முழுவதற்கும் 50 கிராமே உச்ச அளவு எனலாம்.

செய்யக்கூடியவை:

கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடாவால் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டால் எச்சரிக்கை.

சீனியைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். சோற்றைக் குறைத்து முருங்கையிலை, பொன்னாங்காணி, மீன், பருப்பைக் கூட்டுங்கள். பொரிப்பதற்குப் பதில் ஆணம் வையுங்கள்.

தினமும் அரை மணி நேரம் வேகமாக நடவுங்கள். வளவில் தோட்டம் செய்வதும் நல்லது.

அரச வைத்தியசாலையில் அழுத்தத்தையும் சீனியையும் இலவசமாகப் பரிசோதியுங்கள். மருந்து எடுப்போர் தாமாக நிறுத்த வேண்டாம்.

எடை சிறிது குறைந்தாலும், தினமும் நடந்தாலும், உட்படலம் மீண்டும் நன்கு வேலை செய்யத் தொடங்கும். தூர்ந்த வாய்க்காலை வெட்டித் திருத்திய கைகளுக்கு இது கடினமல்ல.