யப்பானிய நாட்டார் மட்கலங்கள்

ஒரு மட்கலம் எவ்வூரில் வனையப்பட்டதென்பதை, வனைந்தவன் பெயரை அறியாமலே சொல்ல இயலுமா? யப்பானிய நாட்டார் மட்கலங்களைப் பொறுத்தவரையிற் பெரும்பாலும் இயலும். அங்கு ஓர் ஊரின் பாணி தனியொருவன் விருப்பத்தால் அமைந்ததன்று. மண்ணும் விறகும் நீரும் மக்கள் தேவையும் கூடி வகுத்ததாகும்.

முதலில், ஒக்கயாமா மாவட்டத்துப் பிசென் ஊரை நோக்குவோம். நெல்வயல்களின் அடியிலிருந்து எடுக்கப்படும் அதன் களிமண் இரும்புச்சத்து மிக்கது. சூளையில் வெகுவாகச் சுருங்குவது. மெருகுப் பூச்சு அதன்மேல் எளிதிற் பற்றி நில்லாது. ஆகவே குயவர் பூச்சின்றியே சுட்டனர். பல நாள் எரியும் பைன் விறகின் சாம்பல் கலத்திற் படிந்து உருகித் தானே மெருகாகின்றது. கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க இடையில் வைத்த வைக்கோலும் செந்நிறக் கோடுகளை விட்டுச் செல்கின்றது.

தோக்கியோவுக்கு வடக்கேயுள்ள மாசிக்கோவில் இத்தொழில் 1853 ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. அங்குள்ள பருமண் மெல்லிய கலங்களுக்கு ஏற்றதன்று. ஆயினும், தலைநகரின் அடுக்களைகள் வேண்டியவை தடித்த சாடிகளும் தேநீர்க் கெண்டிகளுமே. உள்ளூர்க் கல்லைப் பொடித்துப் பூசியதால் அவற்றுக்குச் செம்பழுப்பு நிறம் வாய்த்தது.

கியூசூத் தீவின் மலைக்கிராமமாகிய ஒந்தாவில் 1705 முதல் இத்தொழில் நடைபெறுகின்றது. அங்கு மண்ணை இடிப்பது ஓடைநீர். துலாப்போன்ற மரத்தின் குடைந்த முனையில் நீர் நிறைந்ததும் அம்முனை தாழும்; நீர் வழிந்ததும் மறுமுனை மண்ணின்மேல் விழுந்து இடிக்கும். ஓடை இடித்துத் தரும் மண்ணின் அளவே அவ்வூரின் உற்பத்திக்கு எல்லை.

பெயரறியாக் கைவினைஞரின் இப்படைப்புகளுக்கு 1925 இல் 'மிங்கேய்', அதாவது மக்கட்கலை, என்னும் பெயரை வழங்கியோர் யனகி முனெயோசியும் அவர்தம் நண்பர்களுமாவர். 1936 இல் தோக்கியோவில் அதற்கென ஓர் அரும்பொருளகமும் திறக்கப்பட்டது. ஆனால், எளிமையைப் போற்றிய அவ்வியக்கமே எளிய ஊர்களுக்குப் பெரும்புகழைத் தேடித் தந்தது. நண்பருள் ஒருவராய் மாசிக்கோவிற் குடியேறிய அமதா சோயி, 1955 இல் அரசின் உயரிய மதிப்பைப் பெற்றார். அவர் பெயரால் ஊரும் புகழுற்றது. புகழை நாடி வெளியூர்க் கலைஞர் பலர் வந்து சேர, பழைய பாணியோடு புதியன பலவும் அங்குக் கலந்தன.

ஒந்தா மக்களோ வேறு வழி சென்றனர். தொழிலைக் குடும்பத்தினுள்ளேயே வைத்துக்கொண்டனர். கலத்திற் தம் பெயர் பொறிப்பதைத் தவிர்த்தனர். 2017 ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் நீருலக்கைகளைச் சிதைத்தபோதும் அவற்றையே மீண்டும் நிறுவினர். கூடுதலாகச் செய்யும் வாய்ப்பிருந்தும் ஓடையின் அளவுக்கு அமைந்து நிற்கும் மனவுறுதியே அவர்தம் கலைக்குக் காவலாயிற்று.