பின்பனிக் காலத்தில் ஒரு நந்தவனம்

தமிழ்நாட்டு இல்லங்களில் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர்களில் பெரும்பாலானவை அச்சாகும் ஊர் சிவகாசி. அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரித் தொகுப்பை ஆடிப்பெருக்கு நாளில் பூஜை செய்து வெளியிடுவது அங்குள்ள அச்சகத்தாரின் வழக்கம். அந்தச் சிறிய தாளில் திதி, நட்சத்திரம், ராகுகாலம் ஆகியவற்றோடு 'மேல்நோக்கு நாள்', 'கீழ்நோக்கு நாள்', 'சமநோக்கு நாள்' என்ற குறிப்பும் இடம்பெறுகிறது. பலர் அதைப் படிக்காமலே தாளைக் கிழித்துவிடுகிறார்கள். அக்குறிப்பு நம் முன்னோர் தோட்டத்துக்கும் வயலுக்கும் எழுதிவைத்த கால அட்டவணை.

இருபத்தேழு நட்சத்திரங்களை ஒன்பது ஒன்பதாக மூன்று பிரிவாக்கினர். ரோகிணி, திருவாதிரை, பூசம், உத்திரம், உத்திராடம், திருவோணம், அவிட்டம், சதயம், உத்திரட்டாதி ஆகியவை மேல்நோக்கு நட்சத்திரங்கள். மண்ணுக்கு மேலே பலன் தரும் பயிர்களை விதைக்கவும், பந்தல் போடவும், மதில் எழுப்பவும் இவை உகந்தவை. பரணி, கார்த்திகை, ஆயில்யம், மகம், பூரம், விசாகம், மூலம், பூராடம், பூரட்டாதி ஆகியவை கீழ்நோக்கு நட்சத்திரங்கள். கிணறு தோண்டவும், கிழங்கு வகைகளை ஊன்றவும் இவற்றைத் தேர்ந்தனர். எஞ்சிய ஒன்பதும் சமநோக்கு. உழவு, வரப்பு அமைத்தல், நிலத்தைச் சமன்செய்தல் ஆகியவை இந்நாட்களுக்கு உரியவை. இவற்றோடு வளர்பிறையில் விதைப்பு, தேய்பிறையில் கவாத்தும் அறுப்பும் என்ற விதியும் சேர்ந்துகொள்கிறது.

துளசி வனத்தின் ஊர்

தோட்டப் பணியை இறைத்தொண்டாகக் கருதும் மரபுக்கு விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரே முதற்சான்று. வடபத்ரசாயிக்கு நாள்தோறும் மாலை கட்டிச் சாத்துவதற்காக நந்தவனம் அமைத்தவர் விஷ்ணுசித்தர் எனப்படும் பெரியாழ்வார். அந்த நந்தவனத்தின் துளசிச் செடியடியில், ஆடி மாதத்துப் பூர நட்சத்திரத்தில் ஆண்டாள் அவதரித்தாள் என்பது வரலாறு. பூரம் கீழ்நோக்கு நட்சத்திரங்களுள் ஒன்று. பூமாதேவியின் அம்சமாக மண்ணிலிருந்து கிடைத்தவளுக்கு அந்த நாள் எத்துணைப் பொருத்தம் என்பதைப் பக்தர்கள் எண்ணி மகிழலாம்.

வடபெருங்கோயிலுக்கும் ஆண்டாள் சந்நிதிக்கும் இடையே அந்த நந்தவனத்தை இன்றும் சேவிக்கலாம். ஆண்டாள் சூடிக்களைந்த மாலை இங்கிருந்து திருமலைப் பிரம்மோற்சவத்துக்கும், மதுரைச் சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கும் கள்ளழகருக்கும் செல்கிறது. தாயாரின் இடக்கரத்தில் அமரும் கிளியும் தோட்டத்திலிருந்தே பிறக்கிறது. மரவள்ளி இலை, மாதுளம்பூ, மூங்கில் குச்சி போன்றவற்றைக் கொண்டு நாள்தோறும் அது புதிதாகச் செய்யப்படுகிறது. ஒரு சந்நிதியின் அன்றாட வழிபாடு எத்தனை செடிகளை நம்பி நிற்கிறது என்பதற்கு அந்தக் கிளி ஒன்றே போதும்.

வறண்ட வானமும் கரிசல் மண்ணும்

இந்த மாவட்டத்தில் தோட்டம் வளர்ப்பது எளிதன்று. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர்; மறு ஆண்டே சிவகாசியில் அத்தொழில் தொடங்கியது. பின்னர்ப் பட்டாசும் அச்சும் உடன் வளர்ந்தன. இத்தொழில்கள் இங்கே வேரூன்றியதற்கு ஒரு முக்கியக் காரணம் குறைந்த மழையும் வறண்ட காற்றுமே. குச்சியும் மருந்தும் காகிதமும் விரைவில் உலர்வதற்கு எந்த வெயில் உதவியதோ, அதே வெயில்தான் துளசியையும் வாட்டுகிறது.

வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு ஓய்ந்துவிடுகிறது. மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். விடியலில் இலைகளில் பனி தங்குகிறது. நண்பகலில் வெயில் சுடுகிறது. கரிசல் மண் நீரை நன்றாகப் பிடித்துவைக்கும் இயல்புடையது. ஆயினும் காயத் தொடங்கியதும் பாளம் பாளமாக வெடித்து, அந்த வெடிப்புகளின் வழியே அடிமண்ணின் ஈரத்தையும் இழந்துவிடும். ஆகவே, தை பிறந்தது முதல் பங்குனி உத்திரம் வரையிலான நாட்களில் தோட்டக்காரரின் முதற்கடமை, மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரத்தைக் காப்பதாகும்.

பழையதும் புதியதும்

ஆஸ்திரேலியாவின் பில் மோலிசன், டேவிட் ஹோம்கிரன் ஆகிய இருவரும் 1978-இல் வெளியிட்ட நூலின் வழியே 'பெர்மாகல்ச்சர்' என்னும் முறையை உலகறியச் செய்தனர். காடு தன்னைத்தானே வளர்த்துக்கொள்வதைப் பார்த்து, அதே ஒழுங்கில் தோட்டத்தை அமைப்பது அதன் சாரம். மண்ணை வெறுமையாக விடலாகாது. ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாக வேண்டும். அன்றாடம் தேவைப்படும் செடி வாசலுக்கு அருகிலும், எப்போதோ தேவைப்படும் மரம் தொலைவிலும் இருக்க வேண்டும். துளசி மாடத்தை முற்றத்திலும், மாவையும் வேம்பையும் கொல்லையின் கடைசியிலும் வைத்த நம் பாட்டிமார்களுக்கு இவை புதியனவாகத் தோன்றா.

இதே கரிசல் பூமியோடு தொடர்புடையவர் இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார். ஆழ்வாரின் திருநாமம் தாங்கிய அவர், 1960-களில் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். விலை கொடுத்து வாங்கும் இடுபொருள்கள் மானாவாரி உழவருக்குக் கைகொடுக்கவில்லை என்று கண்டு 1969-இல் அப்பணியைத் துறந்தார். 2013 டிசம்பர் 30-ஆம் நாள் மறையும்வரை, மண்ணுக்கு மூடாக்கு இடுவதையும் பலவகைப் பயிர்களைக் கலந்து வளர்ப்பதையும் ஊர் ஊராகச் சென்று கற்பித்தார்.

சந்திரனை எவ்வளவு நம்பலாம்?

வளர்பிறையில் விதைத்தால் முளை வீரியமாக எழும் என்ற நம்பிக்கை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியில் மரியா துன் என்ற அம்மையார் 1960-களிலிருந்து ஆண்டுதோறும் சந்திரனின் இயக்கத்தை ஒட்டிய விதைப்பு நாள்காட்டியை வெளியிட்டுவந்தார். எனினும், கடலை ஏற்றி இறக்கும் சந்திரன் செடியின் சாற்றையும் அவ்வாறே இழுக்கிறது என்பதற்கு அறிவியல் ஆய்வுகளில் இதுவரை உறுதியான சான்று கிடைக்கவில்லை. இதை மறைப்பது பக்திக்கு அழகாகாது.

அப்படியாயின் திதி பார்ப்பது வீணா? வீணில்லை. அமாவாசை தொடங்கி அமாவாசை வரை ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் விதைப்பு, மறுபாதியில் கவாத்தும் உரமும் என்று வகுத்துக்கொண்டால் எந்த வேலையும் விட்டுப்போகாது. வயது முதிர்ந்தோர் ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்து களைத்துப்போகவும் நேராது. ஆனால் எதிர்பாராத மழை பெய்து மண் நனைந்திருக்கும்போது, தேய்பிறை என்று கருதி விதைப்பைத் தள்ளிவைப்பது தகாது. மாசி வெயிலில் ஈரம் பத்து நாள் காத்திராது. திதிக்கும் ஈரத்துக்கும் முரண் வந்தால் ஈரத்துக்கே முதலிடம்.

பறிப்பதிலும் திதிக்கு ஓர் இடம் உண்டு. துவாதசியன்று துளசி பறிப்பதில்லை. அமாவாசை, பௌர்ணமி, சதுர்த்தி, அஷ்டமி, நவமி, சதுர்த்தசி ஆகிய திதிகளில் வில்வம் பறிப்பதில்லை. மகா சிவராத்திரி தேய்பிறைச் சதுர்த்தசியில் வருவதால், அன்றைய அர்ச்சனைக்கான வில்வத்தை முன்னதாகவே பறித்துவைப்பது மரபு. இவ்விதிகளால் செடிக்கு மாதந்தோறும் சில நாட்கள் ஓய்வு கிடைத்துவிடுகிறது.

திருநாள்களோடு ஒட்டிய தோட்டப் பணி

தை அமாவாசை முதல் தைப்பூசம் வரை வளர்பிறை. வெண்டை, கொத்தவரை, கீரை, சுரை, பூசணி, வெள்ளரி ஆகியவற்றை விதைக்கலாம். துளசி விதையைத் தொட்டியில் மெல்லத் தூவி, மேலே மண்ணைச் சலித்து இட்டால் போதும். ஆழப் புதைத்தால் முளைக்காது.

தைப்பூசம் கழிந்து சிவராத்திரி வரை தேய்பிறை. முள்ளங்கி விதைக்கவும், காய்ந்த கிளைகளை நீக்கவும், பந்தலுக்கு மூங்கில் வெட்டவும் இக்காலத்தைப் பெரியோர் தேர்ந்தனர். மல்லிகையை மார்கழிக்குள் கவாத்து செய்திருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தால் இனியும் தாமதியாமல், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு வெட்டி, அடியில் எரு இட வேண்டும். வெயில் ஏறும் நாட்களில் அது புதுத்தளிரோடு பூக்கும்.

மாசி அமாவாசை முதல் மாசி மகம் வரை மீண்டும் வளர்பிறை. அரளி, நந்தியாவட்டை ஆகியவற்றின் குச்சிகளை நிழலில் பைகளில் ஊன்றி வேர்விடச் செய்யலாம். மல்லிகைக்குப் பதியம் இடலாம். மாசி மகத்துக்குப் பின் புதிய விதைப்பைக் குறைத்து, இருப்பதைக் காப்பதில் கருத்தைச் செலுத்த வேண்டும். ஆண்டாளும் ரங்கமன்னாரும் திருக்கல்யாணக் கோலம் கொள்ளும் பங்குனி உத்திரத்தின்போது பூக்கள் கைக்கு வந்திருந்தால் அதுவே பெரும்பேறு.

ஈரம் காக்கும் மூன்று வழிகள்

முதலாவது மூடாக்கு. உதிர்ந்த சருகு, வைக்கோல், கடலைத்தோல் ஆகியவற்றை மூன்று விரற்கடை தடிமனுக்குப் பரப்ப வேண்டும். தண்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளியே இட வேண்டும். ஒட்டி இட்டால் தண்டு அழுகும். வங்கியில் இட்ட வைப்புத்தொகை போல, இன்று இட்ட சருகு ஓராண்டில் மண்ணுக்கு வட்டியோடு திரும்பும். மூடாக்கின் அடியில் தேளும் பூரானும் தங்கக்கூடும். ஆகவே கையை நேரே விடாமல் குச்சியால் கிளறிப் பார்த்த பின்னரே தொட வேண்டும்.

இரண்டாவது பானைப் பாசனம். சுட்ட மண்பானையைச் செடிகளுக்கு நடுவே கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட வேண்டும். பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வேருக்கு மட்டும் சேரும். குடம் தூக்கி நாள்தோறும் நீர் ஊற்ற இயலாத முதியோருக்கு இது பெருந்துணை. கொசு முட்டையிடாதபடி மூடி பொருந்தியிருக்க வேண்டும்.

மூன்றாவது மழைநீர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். நூறு சதுர மீட்டர் மாடியில் பத்து மில்லிமீட்டர் கோடை மழை பெய்தாலே ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் ஆகிறது. அதைச் சாக்கடையில் விடுவதா, தோட்டத்தில் இறக்குவதா என்பதை மழைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

உரத்துக்கு, இருபது லிட்டர் நீரில் ஒரு கிலோ பசுஞ்சாணம், ஒரு லிட்டர் கோமியம், இருநூறு கிராம் வெல்லம், இருநூறு கிராம் பயறு மாவு, ஒரு பிடி தோட்டத்து மண் ஆகியவற்றைக் கலந்து நிழலில் இரண்டு நாள் வைத்தால் ஜீவாமிர்தம் ஆயத்தமாகும். காலையும் மாலையும் கிளற வேண்டும். பின்பு நீரில் கலந்து செடிக்கு ஊற்றலாம்.

பட்டாசு ஊருக்கு ஓர் எச்சரிக்கை

காகிதத் துண்டு கிடைக்காத வீடு சிவகாசி வட்டாரத்தில் இல்லை. அச்சேறாத வெள்ளைக் காகிதத் துண்டுகள் மட்கு உரத்துக்கு உதவும். ஆனால் மருந்து பட்ட காகிதமும், திருவிழாவில் வெடித்துச் சிதறிய பட்டாசுத் தாளும் தோட்டத்தில் சேரவே கூடாது. கந்தகம், அலுமினியத் தூள், பேரியம் உப்பு ஆகியவற்றின் எச்சம் அவற்றில் தங்கியிருக்கும். சுவாமிக்குச் சாத்தும் பூவையும் பேரக்குழந்தை உண்ணும் கீரையையும் தரும் மண்ணில் அவற்றை இடலாகாது.

நிர்மாலியம் மண்ணுக்குத் திரும்பட்டும்

சுவாமிக்குச் சாத்திக் களைந்த மாலைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குளத்திலோ கிணற்றிலோ இடும் பழக்கம் பல ஊர்களில் பரவிவிட்டது. நீர்நிலையை அழுக்காக்குவது எவ்வாறு புண்ணியமாகும்? வாழைநாரில் கட்டிய மாலை அப்படியே மட்கும். நைலான் நூலில் கட்டிய மாலை மட்காது. நாரில் கட்டித் தருமாறு பூக்கடையில் கேட்பதே முதற்படி. பின்பு நிர்மாலியத்தைச் சருகோடு அடுக்கடுக்காக இட்டு ஈரம் காத்துவந்தால், சில மாதங்களில் அது கறுத்த உரமாகும். அவ்வுரம் மீண்டும் துளசிக்கே சேரும்.

வில்வம், மகிழம், புன்னை போன்ற மரக்கன்றுகளை இப்போது நட்டால் கோடையில் கருகும். அவற்றுக்குப் பின்பனியில் செய்ய வேண்டியது ஒன்றே. இரண்டடி ஆழக் குழி தோண்டி, சருகும் சாணமும் நிர்மாலியமும் இட்டு மூடிவைக்க வேண்டும். கோடை மழையில் அது மட்கும். ஐப்பசி மழையில் கன்றை ஊன்றலாம். குழி தோண்டக் கீழ்நோக்கு நாளும், கன்று ஊன்ற மேல்நோக்கு நாளும் காலண்டரிலேயே குறிக்கப்பட்டிருக்கின்றன. தோண்டும் வலு இல்லாத பெரியவர்கள் பேரப்பிள்ளைகளின் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, அருகில் நாற்காலியிட்டு அமர்ந்து இடத்தைக் காட்டலாம். அந்த வில்வத்தின் இலையைப் பறித்துச் சிவராத்திரி பூஜை செய்யப்போகிறவர்கள் அவர்களே.