வீட்டைச் சுற்றி என்ன மரம் வைக்கலாம்? கன்று வாங்குமுன் இடத்தை அளந்து பாருங்கள்!

புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய கையோடு நர்சரிக்குப் போய், கண்ணுக்கு அழகாகத் தெரியும் பத்துக் கன்றுகளை வாங்கி வருவது பலரது வழக்கம். நர்சரியில் மாங்கன்றும் இடுப்பு உயரம்தான், மாதுளையும் இடுப்பு உயரம்தான். ஏழெட்டு வருஷம் கழித்து மாங்கிளை ஓட்டை உரசும்போதுதான் வித்தியாசம் தெரியும். காய்க்கிற மரத்தை வெட்ட மனசு வராது. விட்டால் கூரைக்கும் சுவருக்கும் ஆபத்து.

அதனால் முதலில் ஒரு தாளில் வீடு, கிணறு, செப்டிக் டேங்க், மின்கம்பி போகும் பாதை, ஆடு மாடு கட்டும் இடம், துவைக்கிற கல் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் இடத்துக்குத்தான் மரம்.

சுவரிலிருந்து எவ்வளவு தூரம்?

செம்பருத்தி, இட்லிப்பூ போன்ற செடிகளுக்கு 3 அடி போதும். கறிவேப்பிலை, மாதுளை, எலுமிச்சைக்கு 6 முதல் 8 அடி. கொய்யா, சீத்தா என்றால் 10 அடி. மா, சப்போட்டா, வேம்பு, தென்னைக்கு 20 அடியாவது வேண்டும். அந்த இடம் இல்லையென்றால் மாவை மறந்துவிட்டு கொய்யா வையுங்கள். கவாத்து செய்தால் ஆள் உயரத்திலேயே காய் பறிக்கலாம்.

முருங்கையின் கிளை லேசாக முறியும், கம்பளிப்பூச்சியும் வரும். எனவே ஜன்னலை விட்டுத் தள்ளி, வேலியோரம் வையுங்கள். விதை போட்டு வளர்க்கும் பி.கே.எம்-1 ரகம் ஆறு மாதத்தில் காய்ப்புக்கு வரும். இரண்டரை அடி உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து, கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும்.

துவைக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் போகும் பக்கம் வாழையும் கல்வாழையும். மேற்கே இடம் இருந்தால் புங்கன். மாலை வெயில் சுவரில் இறங்காது.

அழகுக்கு அரளி வேண்டாம்

பூ நிறைய பூக்கும், தண்ணீர் அதிகம் கேட்காது என்று அரளி வைப்பார்கள். அதன் இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே நஞ்சு. வெட்டிப் போட்ட கிளையில் காய்ந்த இலையைத் தின்றாலும் ஆடு, மாடு சாகும். பொன்னரளிக் காயும் அப்படியே. குழந்தைகளும் கால்நடையும் இருக்கும் வீட்டுக்கு செம்பருத்தி, இட்லிப்பூ, பவளமல்லி போதும். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளியுங்கள்.

கன்றைப் பார்த்து வாங்குவது

உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பைக்குள் வேர் சுருண்டு கிடந்தால் அந்தக் கன்று வேண்டாம். மா, சப்போட்டாவில் ஒட்டுக்கன்றே வாங்குங்கள். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரியும்படி நடவேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளுங்கள். விட்டால் அதுதான் வளரும், நீங்கள் கேட்ட ரகம் வராது.

'பப்பாளி பூக்கிறது, காய்க்கவில்லை' என்று பலர் கேட்கிறார்கள். நீளக் காம்பில் கொத்தாகப் பூ தொங்கினால் அது ஆண் மரம். ஒரே மரம் வைக்கத்தான் இடம் என்றால், இருபால் பூ வரும் கோ-7 போன்ற ரகத்தைத் தேடுங்கள். அதிலும் ஒரு குழிக்கு மூன்று கன்று நட்டு, பூவெடுத்ததும் இருபால் பூ உள்ள ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். அடியில் தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது.

நடும் பருவம்

சிறு மரங்களுக்கு 2 அடி, மாவுக்கு 3 அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து சில நாள் ஆறவிடுங்கள். மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்பி, மழை தொடங்கியதும் நடுங்கள். ஒரு குச்சி நட்டுக் கட்டி, ஆடு வாய் வைக்காமல் முள் அடையுங்கள்.

இந்த வருஷம் மூன்று கன்று போதும். அவை பிழைத்து வளர்வதைப் பார்த்து, அடுத்த மழைக்கு அடுத்ததை யோசிக்கலாம்.