இருபது நொடி நின்றவர்

டோக்கியோவின் ஷின்ஜுக்கு ரயில் நிலையத்தில் காலை எட்டரை மணிக்கு டிக்கெட் கேட் எழுப்பும் ஓசையைக் கேட்டாலே போதும், அங்கு நடக்கிறவர்களின் வேகம் பிடிபட்டுவிடும். ‘சுய்கா’ அட்டையைத் தொட்டதும் ஒரு சின்ன ‘பிப்’. அது அடங்குவதற்குள் அடுத்தவரின் ‘பிப்’. 2001-ல் இந்த அட்டையைக் கொண்டுவந்த ஜே.ஆர். ஈஸ்ட் நிறுவனம், ஒரு கேட் வழியாக நிமிடத்துக்கு 60 பேர் போயாக வேண்டும் என்று பொறியாளர்களுக்கு நிபந்தனை போட்டிருந்தது. ஆளுக்கு ஒரு நொடி. அதிலும் அட்டையைப் படித்துக் கணக்கு முடிக்க 0.2 நொடிதான் அவகாசம். அதனால் நடையைத் தளர்த்தாமலேயே கையை நீட்டித் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

அந்த வரிசையில் இடுப்பு உயரச் சக்கரப் பெட்டியோடு ஒருவர் வருகிறார். அட்டை எங்கே? சட்டைப் பையைத் தடவுகிறார், பேன்ட் பையைத் தடவுகிறார், கடைசியில் பாஸ்போர்ட் உறைக்குள் இருந்து எடுக்கிறார். எட்டு நொடி. பின்னால் எட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவழியாக உள்ளே போனவர் இரண்டடி வைத்து நின்று அண்ணாந்து பார்க்கிறார். யாமனோத்தே, சூவோ, ஒடாக்கியூ, கெய்ஓ என ரயில் பாதைகளின் பெயர் தாங்கி தலைக்கு மேல் பலகைகள். அந்த நிலையத்துக்கு வாசல்களே 200-க்கு மேல். கொரோனாவுக்கு முந்தைய கணக்கில் தினமும் ஏறத்தாழ 35 லட்சம் பேர் புழங்கிய இடம். அவர் அசையாமல் நிற்கிறார்.

2024-ல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் 3 கோடியே 68 லட்சம் பேர். வழியை மறித்து நிற்கும் சுற்றுலாப் பயணியைக் கண்டு டோக்கியோ அலுவலக ஊழியருக்கு வரும் எரிச்சலேதான் லண்டன்காரருக்கும் நியூயார்க்காரருக்கும் வருகிறது. எரிச்சலில் நியாயம் உண்டு. ஆனால் ‘ஆமை மாதிரி நடக்கிறார்கள்’ என்ற புகார் குறி தவறிய புகார். கூட்டத்தின் நடையை ஆராயும் இயற்பியலாளர்களைக் கேட்டால், மெதுவாக நடப்பவரை ஒரு கூட்டம் எளிதில் சமாளித்துவிடும் என்பார்கள். அடுத்த அடியை எந்தப் பக்கம் வைப்பார் என்று தெரியாத ஆளைத்தான் அதனால் சமாளிக்க முடிவதில்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. தடையில்லாத இடத்தில் மனிதர் சராசரியாக நொடிக்கு 1.34 மீட்டர் நடக்கிறார். சூரிச்சைச் சேர்ந்த உல்ரிச் வைட்மன் பல ஆய்வுகளைத் தொகுத்து 1993-ல் தந்த எண் இது. கூட்டம் சேரச் சேர வேகம் குறையும். ஆனாலும் ஆட்கள் நெருங்கி வருவதால் கடந்து போகிறவர்களின் எண்ணிக்கை ஓரளவு வரை கூடிக்கொண்டே போகும். ஒரு மீட்டர் அகலத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 1.2 பேர் என்பது உச்சம். அதற்கு மேல் நெருக்கினால் எண்ணிக்கை சரியத் தொடங்கும்.

இப்போது நான்கு மீட்டர் அகலப் பாதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 4.8 பேர் போகலாம். வந்துகொண்டிருப்பவர்கள் நொடிக்கு நான்கு பேர். ஒரு சிக்கலும் இல்லை. மூன்று பேர் கொண்ட குடும்பம் பெட்டிகளோடு பாதியகலத்தை அடைத்து நிற்கிறது. பாதையின் கொள்ளளவு 2.4 ஆகிவிட்டது. நொடிக்கு 1.6 பேர் தேங்குகிறார்கள். அவர்கள் இருபது நொடி மேப் பார்த்தால் 32 பேர் பின்னால் நிற்பார்கள். குடும்பம் நகர்ந்ததும் எல்லாம் சரியாகிவிடாது. பாதையில் மிச்சமிருக்கும் கொள்ளளவு நொடிக்கு 0.8 பேர்தான், தேங்கியவர்கள் கரைய இன்னும் நாற்பது நொடி வேண்டும். அதற்குள் அடுத்த ரயில் வந்து ஆட்களை இறக்கிவிட்டால் அந்த நாற்பதும் போதாது. நின்றவர்களோ எப்போதோ படியேறிப் போயிருப்பார்கள். தாங்கள் எதையும் மறித்ததாகவே அவர்களுக்குத் தெரியாது.

இதே குடும்பம் மதியம் மூன்று மணிக்கு இதே இடத்தில் நின்றிருந்தால்? நொடிக்கு இரண்டு பேர் வரும் வேளையில் ஒருவர்கூடத் தேங்கியிருக்க மாட்டார். குற்றம் ஒன்றுதான், தண்டனை மட்டும் நேரத்துக்குத் தக்கபடி மாறுகிறது.

இது வெறும் அகலக் கணக்கு. நெதர்லாந்தின் ஐந்தோவன் ரயில் நிலையத்தில் நடந்த ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. அலெஸ்ஸாந்த்ரோ கொர்பெத்தாவும் ஃபெதரிகோ தோஸ்கியும் அவர்களின் சகாக்களும் கூரையில் தூரத்தை அளக்கும் உணரிகளைப் பொருத்தினார்கள். முகம் பதியாது, தலையும் தோளும் நகரும் தடம் மட்டும் பதியும். ஆறு மாதத்தில் ஏறத்தாழ 50 லட்சம் தடங்கள் சேர்ந்தன. எதிரெதிரே வரும் இருவர் முட்டிக்கொள்ளாமல் எப்படித் தப்புகிறார்கள் என்பதுதான் கேள்வி. முட்டல் மிக அரிது. நெருங்கும் முன்பே இருவரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் விலகிவிடுகிறார்கள், பேசி வைத்துக்கொண்டது போல.

இந்த ஆய்வுக்கு 2021-ல் இயற்பியலுக்கான இக் நோபல் கிடைத்தது. சிரிக்க வைத்துவிட்டுப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. அதே ஆண்டு இன்னொரு இக் நோபல், பாதசாரிகள் ஏன் சில சமயம் முட்டிக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்த ஜப்பானியக் குழுவுக்குப் போனது. பரிசுக் குழுவினரின் குறும்பு!

ஹிசாஷி முராகாமி, கட்சுஹிரோ நிஷினாரி உள்ளிட்ட அந்தக் குழு, 54 மாணவர்களை இரண்டாகப் பிரித்துப் பத்து மீட்டர் நீளப் பாதையில் எதிரெதிரே நடக்கவிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே இரு கூட்டமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து தனித்தனி வரிசைகளாகப் பிரிந்தன. எந்தப் பெரிய நிலையத்தின் மாடியில் இருந்து பார்த்தாலும் இந்தக் காட்சி தெரியும். பிறகு ஒரு கூட்டத்தில் மூன்று பேரிடம் மட்டும் செல்போனைக் கொடுத்து, நடந்துகொண்டே கூட்டல் கணக்குப் போடச் சொன்னார்கள். அந்த மூவரும் நடுவிலோ கடைசியிலோ இருந்தபோது பெரிய பாதிப்பில்லை. முன்னால், எதிர்க் கூட்டத்தை முதலில் சந்திக்கும் இடத்தில் இருந்தபோது வரிசை அமையத் தாமதமானது. மொத்தக் கூட்டத்தின் வேகமும் குறைந்தது. போன் பார்க்காதவர்களும் கடைசி நொடியில் அகலக் கால் வைத்துத் துள்ளி விலக வேண்டியிருந்தது.

விலகுவது ஒருவர் செய்யும் வேலை அன்று என்பதே இதில் தெரியவரும் சங்கதி. ‘நீ இடப்பக்கம் போவாய், நான் வலப்பக்கம் போகிறேன்’ என்று இருவரும் ஒருவரையொருவர் படித்துக்கொண்டே நடக்கிறோம். ஒருவர் அதிலிருந்து விலகிவிட்டால் மற்றவர் எவ்வளவு கூர்மையாகக் கவனித்தும் பயனில்லை. அண்ணாந்து பலகை பார்ப்பவரும் குனிந்து மேப் பார்ப்பவரும் அப்படி விலகியவர்கள்தாம். போகிற திசை அவர்களுக்கே தெரியாதபோது எதிரே வருபவர் எதைப் படிப்பார்?

சேர்ந்து நடப்பது இன்னொரு சிக்கல். மெஹ்தி முசாயிதும் கி தெரோலாவும் அவர்களின் குழுவினரும் பிரான்ஸின் துலூஸ் நகரில் நடைபாதைகளைப் படமெடுத்து 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கூட்டத்தில் 70 சதவீதம் பேர் வரை தனியாட்கள் அல்லர், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வருபவர்கள். இடமிருந்தால் அருகருகே நடப்பார்கள். இடம் குறுகினால் நடுவில் இருப்பவர் சற்றுப் பின்தங்க, ஓரத்து இருவர் முன்னே போக, பறவைக் கூட்டத்தின் அம்பு வடிவம் தலைகீழானது போல் ஆகிவிடும். பேசுவதற்கு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதற்கு, அதைவிட வசதியான அமைப்பு கிடையாது. கூட்டத்தைப் பிளந்து போவதற்கு அதைவிட மோசமான அமைப்பும் கிடையாது. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் குடும்பமாகவோ நண்பர் குழாமாகவோதான் வருகிறார்கள். போதாக்குறைக்குப் பெட்டி வேறு. கைக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி, பிறர் கண்ணுக்குக் கீழே உருண்டு வரும் அந்தப் பெட்டியைக் கூட்டத்தில் யாரும் ‘படிக்க’ முடியாது.

ஊர்ப் பழக்கமும் உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தாரும் இரு நாட்டு ஆட்களையும் ஒற்றை வரிசையில் நடக்கவிட்டு 2009-ல் ஒப்பிட்டார்கள். இந்தியர்கள் முன்னால் போகிறவரை அதிகம் ஒட்டி நடந்தார்கள். நெருக்கம் கூடியபோது ஜெர்மானியர் அளவுக்கு அவர்களின் வேகம் குறையவில்லை. ரங்கநாதன் தெருவில் தீபாவளித் துணி எடுத்தவர்களுக்கு இதற்கு ஆய்வே தேவைப்பட்டிருக்காது. ஆனால் இரு வகைப் பழக்கமும் ஒரே பாதையில் கலந்தால், ஒருவர் விடும் இடைவெளியை இன்னொருவர் ‘வா’ என்ற அழைப்பாக எடுத்துக்கொள்வார். டோக்கியோ எஸ்கலேட்டரில் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாவில் வலப்பக்கம். ஜப்பானியரே தடுமாறும் விஷயம் இது.

எஸ்கலேட்டரில் உள்ளூர்க்காரர் எண்ணமும் எப்போதும் சரியாக இருப்பதில்லை. லண்டன் ஹோல்பர்ன் நிலையத்தில் 23.4 மீட்டர் உயரப் படிகள். வலப்பக்கம் நிற்பது, இடப்பக்கம் ஏறுகிறவருக்கு விடுவது என்பது அங்கே எழுதாத சட்டம். 2015 இறுதியில் மூன்று வாரம், இரு பக்கமும் நின்றே வாருங்கள் என்று நிர்வாகம் கேட்டது. பலருக்குக் கோபம். ஆனால் காலை நெரிசலில் அந்தப் படிகள் ஏற்றிய ஆட்கள் ஏறத்தாழ 30 சதவீதம் கூடினார்கள். அவ்வளவு உயரத்துக்கு நடந்து ஏறுகிறவர் சிலரே என்பதால் இடப்பக்கம் பெரும்பாலும் காலியாகவே ஓடிக்கொண்டிருந்தது. சைத்தாமா மாகாணம் 2021-லும் நகோயா நகரம் 2023-லும் எஸ்கலேட்டரில் நின்றே செல்லச் சொல்லி விதி போட்டன. லண்டனின் எழுதாத சட்டம் தெரியாமல் இடப்பக்கம் நின்று வசை வாங்கிய பயணி, ஹோல்பர்னில் தன்னையறியாமல் நல்லதே செய்திருக்கிறார்!

அப்படியானால் வழிமறிப்பது ஏன் எப்போதும் அந்த மூன்று இடங்களிலேயே நடக்கிறது? கேட்டைத் தாண்டியதும், எஸ்கலேட்டர் முடியும் இடம், படிக்கட்டின் தலைப்பு. பந்தி வாசலில் நின்று குசலம் விசாரிக்கும் உறவினரைப் போலத்தான்: உள்ளே இடம் கிடக்கும், வாசலில் நகர முடியாது. பாதை குறுகும் இடத்திலேயே ‘இடமா, வலமா’ என்ற கேள்வியையும் நிலையம் கேட்கிறது. தினமும் வருகிறவரின் கால் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுகிறது. புதியவர் நின்று படித்தாக வேண்டும். கேள்வியை அங்கே வைத்தது கட்டடக்கலைஞரே ஒழிய பயணி அல்லர்.

கேள்வியை முன்கூட்டியே தீர்த்துவைக்க முயன்ற நிலையங்கள் உண்டு. டோக்கியோ சுரங்க ரயில்களில் 2004-ல் நிலையங்களுக்கு எழுத்தும் எண்ணும் கொடுத்தார்கள். கின்ஸா பாதையில் கின்ஸா நிலையம் ‘ஜி 09’. ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரியாதவரும் எண்ணைத் தேடி நடந்துவிடலாம். ஷின்ஜுக்குவில் 2020-ல் கிழக்கையும் மேற்கையும் இணைத்து 25 மீட்டர் அகலத்தில், டிக்கெட் இல்லாமலே கடக்கும் பொதுப்பாதை திறந்தது. மறுபக்கம் போக வேண்டிய பலருக்கு இப்போது கேட் வேலையே இல்லை. அதே ஆண்டு டோக்காய்டோ ஷின்கான்சென் ரயிலில், நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்த்து 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு முன்பதிவு கட்டாயமானது.

லண்டன் கிங்ஸ் கிராஸ் இன்னும் சாமர்த்தியமானது. ஹாரி பாட்டர் கதையின் ‘ஒன்பதே முக்கால்’ நடைமேடையில், சுவருக்குள் பாதி புதைந்த தள்ளுவண்டியோடு படமெடுக்க ரசிகர்கள் குவிவார்கள். 2012-ல் புதிய மேற்குக் கூடம் திறந்தபோது அந்த வண்டிக்கு டிக்கெட் கேட்டுகளுக்கு வெளியே, கூடத்தின் சுவரோரம் இடம் கொடுத்தார்கள். பக்கத்திலேயே கடை. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் அந்த வரிசையைத் தாண்ட வேண்டியதில்லை. நிற்க ஆசைப்படுகிறவர்களை விரட்டவில்லை, நிற்க ஓர் இடம் கொடுத்துவிட்டார்கள்.

செல்போன் மேப்தான் இந்த உத்திக்கு அடங்காதது. பலகை இருக்கும் இடத்தை மாற்றலாம். கையில் இருக்கும் பலகையை என்ன செய்வது? எங்கே சந்தேகம் வருகிறதோ அங்கேயே கால் நிற்கிறது. கனகாவா மாகாணத்தின் யமாத்தோ நகரம் 2020 ஜூலையில் பொது இடங்களில் போன் பார்த்தபடி நடக்கத் தடை கொண்டுவந்தது. ஜப்பானில் இதுதான் முதல். அபராதம் எதுவும் இல்லை. போனைப் பார்த்தே ஆக வேண்டுமானால் பிறருக்கு இடைஞ்சலில்லாத இடமாகப் பார்த்து நின்றுகொள்ளுங்கள் என்கிறது விதி. அப்படி ஓர் இடம் காலை எட்டரை மணிக்கு ஷின்ஜுக்குவில் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கும் மேப்தான் வேண்டும்.