தேர் நாளும் கடைவாசலும்

ஆனி பிறந்துவிட்டால் நெல்லை டவுனில் நான்கு ரத வீதிகளிலும் கடை வைத்திருக்கும் நமக்கு ஒரு வேலை வந்து சேர்ந்துவிடும். கடைக்கு முன்னால் நீட்டியிருக்கும் தகரம், தார்ப்பாய், பெயர்ப்பலகை, சரக்கு அடுக்கும் பெஞ்சு எல்லாவற்றையும் உள்ளே இழுக்க வேண்டும். கோயிலிலிருந்து சொல்லுவார்கள். மாநகராட்சியிலிருந்தும் சொல்லுவார்கள். யாரும் சொல்லாவிட்டாலும் நாமே இழுத்துவிடுவோம். வருவது நெல்லையப்பர் தேர். அதன் எடை 450 டன் என்று சொல்வது வழக்கம். அதற்கு முன்னால் நம்முடைய தகரம் எம்மாத்திரம்?

மற்ற நாட்களில் இதே தகரத்தில் ஒரு சாண் குறைக்கச் சொல்லி அதிகாரி யாராவது வந்தால் நாம் கடையடைப்புக்கே தயாராகிவிடுகிறோம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சில ஆண்டுகளாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. மேல ரத வீதியில் என் தகப்பனார் வைத்த பலசரக்குக் கடையை நடத்தி வருகிறேன். நானும் தகரம் நீட்டியவன்தான். ஆகவே இதை யாருக்கும் உபதேசமாக எழுதவில்லை.

வெளியூர் வியாபார அன்பர்களுக்காகத் தேரைப் பற்றிச் சில வார்த்தைகள். ஆனிப் பெருந்திருவிழா பத்து நாள். ஒன்பதாம் நாள் தேரோட்டம். விநாயகர், சுப்பிரமணியர், சுவாமி நெல்லையப்பர், காந்திமதி அம்பாள், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள். 1505 ஆம் ஆண்டிலிருந்து ஓடி வருவதாகக் கணக்குச் சொல்லுகிறார்கள். கொரோனா காலத்தில் 2020, 2021 இரண்டு ஆண்டுகள் ஓடவில்லை. 2022 ஜூலையில் மறுபடி ஓடியபோது ரத வீதிகளில் கால் வைக்க இடமில்லை. சுவாமி தேருக்கு இன்றைக்கும் மனிதக் கைதான். முன்னால் ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிக்க, பின்னால் தடி போட்டு நெம்பிக் கொடுக்க, சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே வருவார்கள். வாகையடி முக்கு, லாலா சத்திர முக்கு, சந்திப் பிள்ளையார் முக்கு என்று ஒவ்வொரு முக்கிலும் தேரைத் திருப்புவதற்குள் வேர்த்துவிடும், இழுக்கிறவனுக்கு மட்டுமல்ல, பார்க்கிறவனுக்கும்.

அன்றைக்கு வியாபாரம் எப்படி என்று கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால் பெரிய கடைகளுக்குக் கட்டுப்படி ஆகாத நாள். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பலூன், விசிறி, வளையல், பொரிகடலை விற்கிறவர்களுக்குத்தான் கல்லா நிறையும். எங்கள் தரப்பில் செலவு உண்டு. மோர்ப்பானை, பானக்கரம், வருகிறவர்கள் உட்கார நாலு பெஞ்சு. ஆனால் என் தகப்பனார் தேர் நாளை ஒரு போதும் நஷ்டக் கணக்கில் எழுதினதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நம்முடைய வாடிக்கைக்காரர்களில் பெரும் பகுதி தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தை நம்பியிருந்த கிராமத்தார். பிசானம் அறுவடையாகி மாசி, பங்குனியில் கையில் பணம் இருக்கும். பழைய பாக்கியைத் தீர்த்துப் பேரேட்டில் கோடு போடுவார்கள். ஆனிக்கு வரும்போது பணம் கரைந்திருக்கும். அணையில் தண்ணீர் திறந்து கார் சாகுபடி வேலை தொடங்கியிருக்கும். நாற்று, உரம், ஆள்கூலி என்று கை இறுகும் சமயம். அப்போதுதான் தேர் வரும். தேர் பார்க்க வந்த சாக்கில் கடைக்கு வந்து உட்காருவார்கள். மோர் குடிப்பார்கள். பிள்ளைகளைக் காட்டுவார்கள். "அண்ணாச்சி, இந்தப் பூவுக்கும் நீங்கதான் பாத்துக்கிடணும்" என்பார்கள். அவ்வளவுதான் பேச்சு. அதற்குள் அடுத்த ஆறு மாதத்துப் பற்று வரவு முடிவாகிவிடும். சீட்டு இல்லை, சாட்சி இல்லை. ஆள் தெரியும், அவர் அப்பாவைத் தெரியும், வயல் எந்த மடையில் பாய்கிறது என்று தெரியும். தேர் நாளில் கடை திறந்திருந்ததற்கு இதுதான் வருமானம்.

இன்றைக்கு அந்த நிலைமை அப்படியே இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பெரிய பெரிய கடைகள் வண்ணாரப்பேட்டை புறவழிச் சாலைப் பக்கம் போய்விட்டன. கார் நிறுத்த இடம் இருக்கிறது, குளிர்ச்சி இருக்கிறது. போதாததற்குக் கைபேசியில் தட்டினால் சரக்கு வீட்டு வாசலுக்கு வருகிறது. இன்னொரு மாற்றத்தை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. முன்பு கடைக்காரர் கடைக்குப் பின்னாலேயே குடியிருந்தார், அல்லது மாடியில், அல்லது பக்கத்துச் சந்தில். ராத்திரி பத்து மணிக்கு வாசல் தெளிக்க ஒரு வாளித் தண்ணீரும் ஏச்சுப் பேச்சும் தெருவில் இருந்தன. இப்போது நம்மில் பலர் பெருமாள்புரம், தியாகராஜநகர், மகாராஜநகர் என்று பாளையங்கோட்டைப் பக்கம் குடிபோய்விட்டோம். நானும் போய்விட்டேன். எட்டு மணிக்குப் பூட்டுப் போட்டால் காலையில்தான் தெருவின் நினைவு. வாசலில் தண்ணீர் தேங்கினால் மிதித்துத் தாண்டுகிறவன் வாடிக்கைக்காரன், நாம் அல்ல. தேர் அன்றைக்கு மட்டும் எல்லார் வீட்டுப் பெண்டு பிள்ளைகளும் பழைய மாடிகளுக்கு வந்து சேருகிறார்கள்.

2024 ஜூன் 21 அன்று நடந்தது 518 ஆவது தேரோட்டம். அன்றைக்குச் சுவாமி தேரின் வடம் பலமுறை அறுந்தது பத்திரிகைகளில் எல்லாம் வந்த செய்தி. தேர் நின்று நின்று நகர்ந்தது. எங்கள் தெருவுக்கு வந்து சேர வெகு நேரம். ஜனங்கள் காத்துக்கொண்டே நின்றார்கள். வெயில் ஏற ஏறக் கடைத் திண்ணைகளில் ஒதுங்கினார்கள். தகரமெல்லாம் கழற்றியாகிவிட்டதால் தெரு பளிச்சென்று கிடந்தது. ஒரு முக்கில் நின்றால் மறு முக்கு தெரிந்தது. என் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி, எங்களிடம் நாற்பது வருஷமாகச் சாமான் வாங்குகிறவர், சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னைக்குத்தான் ஒங்க கடை எங்க இருக்குன்னு தெரியுது. மத்த நாள்ல குகைக்குள்ள நுழைஞ்ச மாரில்லா வர வேண்டியிருக்கு. பைக்கு ஒரு பக்கம் இடிக்கி, மாடு ஒரு பக்கம் இடிக்கி. அதான் பேத்தியக் கூட்டிட்டு அங்க பைபாஸ் கடைக்குப் போயிருதோம்."

ஆச்சி குற்றமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொன்னார். நான் பதில் பேசவில்லை. இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பொழுது விடிவதற்குள் எல்லாத் தகரமும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. சில இடங்களில் அரை அடி கூடுதலாகவே வந்தது.

அதற்கு ஆறு மாதம் முன்னால் நடந்ததையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைப் புரட்டிப் போட்ட மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்களே வாயில் கை வைத்தார்கள். ஜங்ஷன் பகுதியில் கடைகளுக்குள் தண்ணீர் ஏறியது. அங்கே மொத்த வியாபாரம் செய்யும் என் நண்பர் ஒருவரின் கிட்டங்கியில் கீழ் அட்டி முழுக்கப் போயிற்று. சீனி மூட்டை வெறும் சாக்காகக் கிடந்தது. அரிசி மூட்டை நனைந்து வீங்கி மூன்றாம் நாள் நாற்றம் எடுத்தது. பருப்பு முளைவிட்டது. எடுத்துக் கொட்ட ஆள் கிடைக்கவில்லை. டவுனிலிருந்து நாங்கள் சுமைதூக்கும் தோழர்கள் பத்துப் பன்னிரண்டு பேரோடு போனோம். மேல் அட்டியில் காய்ந்திருந்த சரக்கை எங்கள் கிட்டங்கிகளில் வாங்கி வைத்துக்கொண்டோம். அவருக்குக் கொள்முதல் கொடுத்திருந்தவர்கள் தை வரைக்கும் தவணை கொடுத்தார்கள். வியாபாரி என்றால் ஒரு பைசா விடமாட்டான் என்று பேசுகிறவர்கள் அந்த வாரம் வந்து பார்த்திருக்க வேண்டும்.

ஆற்று வெள்ளத்துக்கு நாம் என்ன செய்ய முடியும்? ஆனால் ஆறு ஏறாத எங்கள் தெருவிலும் அன்றைக்கு முழங்கால் அளவு நின்றதே, அது எந்த ஆறு? ராத்திரி ஒரு மணிக்குக் காவலாளி போன் செய்தார். ஓடி வந்து கீழ் வரிசை மூட்டைகளைப் பெஞ்சில் ஏற்றினோம். தண்ணீர் போக வழியில்லை. வாறுகால் இருக்கிறது, ஆனால் அதன் மேல் என் கடைப்படி இருக்கிறது. பக்கத்துக் கடையின் படி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் சிமெண்டுப் பலகை போட்டு ஐஸ் பெட்டி நிற்கிறது. உள்ளே கம்பு விட்டுக் குத்தக்கூட இடமில்லை. மாநகராட்சிக்காரர்கள் தூர்வார வந்தால் எங்கே வாருவார்கள்? நாம் காட்டிக் கொடுக்கிற இரண்டு ஓட்டை வழியாக வாரிவிட்டுப் போகிறார்கள். அதற்கும் அவர்களைத்தான் ஏசுகிறோம்.

ஆச்சி சொன்னதும் வெள்ளத்தில் பார்த்ததும் சேர்ந்து மனதை அறுத்துக்கொண்டே இருந்ததால், அந்த ஆடி மாதத்தில் நான் தகரத்தை இரண்டடி உள்ளே இழுத்துக் கட்டினேன். பெஞ்சையும் எடுத்துவிட்டேன். ஒரு வாரம்தான். நான் விட்ட இடத்தில் பக்கத்துக் கடை அண்ணாச்சியின் பிளாஸ்டிக் வாளிகள் வந்து உட்கார்ந்தன. போய்க் கேட்டேன்.

"நீங்க உள்ள போயிட்டிய. எடம் சும்மாத்தான கெடக்கு?" என்றார்.

"சும்மா கெடக்கட்டும்னுதான் அண்ணாச்சி விட்டேன்."

"அதெப்படி? நான் மட்டும் உள்ள போனா எனக்கு அடுத்தவன் ரெண்டடி வெளிய வருவான். மொத்தத் தெருவும் போனா நானும் போறேன். நான் என்னத்துக்கு மொதல்ல போகணும்?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. வெளியே நீட்டாத கடை மறைந்து போகிறது. வாடிக்கைக்காரன் கண்ணுக்கு முதலில் படுவது அடுத்த கடைச் சரக்கு. எனக்கே அந்த இரண்டு மாதம் நடமாட்டம் குறைந்தது. சில்லறை வியாபாரத்தில் அது தெரியத்தான் செய்தது. தனி ஒருவர் செய்தால் தண்டம். வரிசையாகச் செய்தால்தான் பலன். சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசினேன். பாதிப் பேர் தலையாட்டினார்கள். பாதிப் பேர், "ஆக்கிரமிப்பு எடுக்கிறவங்களுக்கு நீரே வழிகாட்டுதீரா?" என்று சண்டைக்கு வந்தார்கள். முடிவு ஏற்படாமலே காபி வந்துவிட்டது.

அதன் பிறகு நான் பேச்சை விட்டுவிட்டு ஒரு வேலை மட்டும் செய்தேன். புரட்டாசியில், மழைக்கு முன்னால், வாறுகால் மேல் இருந்த என் கடைப்படியை உடைத்தேன். கொத்தனார் கூலி, இரும்புக் கம்பி வைத்த தூக்கு பலகை, சாந்து எல்லாமாகச் சேர்த்து ஒரு தீபாவளிப் போனசுக்கு மேலே செலவு. படியைத் தூக்கியவுடன் நாற்றம் தாங்கவில்லை. உள்ளே இருந்து வந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் கடைச் சாக்குகள், எங்கள் கடைப் பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் பைகள், என் தகப்பனார் காலத்துத் தராசுத் தட்டு ஒன்று. இத்தனை வருஷமும் நம் வாறுகாலை அடைத்து வைத்திருந்தது நம் கடைதான். இப்போது அங்கே தூக்கி எடுக்கிற மாதிரி இரும்புப் பலகை கிடக்கிறது. மாதம் ஒரு முறை கடைப் பையன்கள் தூக்கிப் பார்த்து வாரிவிடுகிறார்கள்.

ஐப்பசி மழையில் என் கடைக்கு முன்னால் தண்ணீர் நிற்கவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் நின்றது. வாடிக்கைக்காரர்கள் நின்று ஒதுங்க என் வாசல்தான் இருந்தது. அன்று சாயங்காலம் நல்ல போணி. இதைக் கார்த்திகை வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக் கடை அண்ணாச்சி ஒருநாள் வந்து, "அந்த இரும்புப் பலகைய எங்க அடிச்சிய?" என்று கேட்டார். பட்டறையின் இடத்தைச் சொன்னேன். எதிர் வரிசையிலும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மொத்தம் ஐந்து கடையில் படி மாறியிருக்கிறது. தகரம் மட்டும் எல்லாருக்கும் பழைய இடத்திலேயே இருக்கிறது, என்னுடையது நீங்கலாக.

தகரத்தைப் பற்றி அண்ணாச்சியிடம் மறுபடி பேச்செடுத்தேன். வாளிகளை எண்ணிக்கொண்டே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "தேருக்குக் கழத்துவோம்லா, அப்பம் பாத்துக்கிடுவோம்" என்றார். தேர் முடிந்த மறுநாள் காலையில் அவருக்கு முன்னால் நான் கடைக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.