முடியாத கதைக்கு முடிவு சொல்லும் சபையோர்

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்: சூளைக்குப் போகாத பச்சை மண்ணைத் தண்ணீரில் கரைத்து மறுபடி வனையலாம்; வெந்த பாண்டத்தை மாற்ற முடியாது.

ஆசிரியர் முடிக்காமல் விட்ட நாவலும் பச்சை மண்தான்! சார்லஸ் டிக்கன்ஸ் 12 பகுதிகளாகத் திட்டமிட்ட 'எட்வின் ட்ரூடின் மர்மம்' நாவலில் ஆறு பகுதிகளே எழுதி, 1870 ஜூன் 9-ல் காலமானார். ட்ரூட் என்ற இளைஞன் காணாமற் போகிறான். கொன்றது யார்? விடை ஆசிரியரோடு போயிற்று.

1985-ல் ரூபர்ட் ஹோம்ஸ் இதை நியூயார்க்கில் சங்கீத நாடகமாக்கினார். கதை நின்ற இடத்தில் நாடகமும் நிற்கும். கொலையாளி யாரென்று சபையோர் வோட்டுப் போடுவார்கள்! அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களும் இதை மேடையேற்றுகிறார்கள். அவர்கள் பாடு சாமானியமல்ல. சந்தேகத்துக்கு ஆளான ஒவ்வொருவரும் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பாட்டைப் பாடம் செய்திருக்க வேண்டும். அன்று அதைப் பாடுகிறவர் ஒருவர்தான். மற்றவர்கள் பாடாமலே வீடு திரும்ப வேண்டும்!

நம்மிடமும் இத்தகைய நாவல்கள் உண்டு. கல்கியின் 'அமரதாரா'வை அவர் மகள் ஆனந்தி, தந்தையின் குறிப்புகளைக் கொண்டு முடித்தார். புதுமைப்பித்தனின் 'அன்னை இட்ட தீ' பாதியிலேயே நிற்கிறது. அவருடைய இயற்பெயர் என்ன தெரியுமா? விருத்தாசலம்!

இவ்வூர் மாணவர்கள் ஆண்டு விழாவில் அதை நாடகமாக்கி, முடிவைச் சபையோரிடமே கேட்டால் என்ன? மூல நாவலுக்குக் குறைவொன்றும் வராது. வோட்டுப் போட்டவர்களில் நாலு பேராவது வீட்டுக்குப் போய் அந்த நூலைத் தேடிப் படிப்பார்கள். அதுவே போதுமே!